புயலின் கண் அல்ல, வால்: பினாங்குத் தீவுக்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

2025 நவம்பர் கடைசி வாரத்தில் பினாங்குத் தமிழர் வீடுகளில் இரண்டு புயல்களின் பெயர்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பின. ஒன்று சென்யார். மலாக்கா நீரிணையிலேயே உருவாகி வடக்குச் சுமத்ராவைத் தாக்கிய புயல் அது. இன்னொன்று டிட்வா. இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தது. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் "அங்கே எப்படி?" என்று போன் செய்தால், "உங்க பக்கமும் புயலாமே?" என்ற கேள்விதான் திரும்பி வந்தது. இரண்டும் தனித்தனிப் புயல்கள். இரண்டுக்கும் பெயர் கிடைத்தது டெல்லியிலிருந்து. குழப்பத்துக்கு அதுவே பாதிக் காரணம்.

மீதிப் பாதிக் காரணம் பழையது. பினாங்கில் யாரிடம் கேட்டாலும் "இங்கெல்லாம் புயல் வராது, சுமத்ரா மறைச்சுக்கும்" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2017-ல் தீவு வெள்ளத்தில் மூழ்கியபோது புயல் எதுவும் தீவுக்கு வரவில்லை. ஆகவே 'புயல் வருமா, வராதா' என்பது இந்தத் தீவுக்குப் பொருந்தாத கேள்வி. எந்தக் கேள்வி பொருந்தும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

கடல்மேல் சூடான, ஈரமான காற்று மேலே எழும்பும்போது கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள காற்று அந்த இடத்தை நோக்கிப் பாய்கிறது. பூமி சுழல்வதால் அந்தப் பாய்ச்சல் நேர்க்கோட்டில் செல்லாமல் வளைந்து சுழலாகிறது. சுழற்சி எவ்வளவு வேகம் என்பதை வைத்துத்தான் பெயர் மாறுகிறது. இந்திய வானிலைத் துறையின் படிநிலை இது:

1. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி: காற்று மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே. பெரும்பாலும் மழை தருவதோடு கலைந்துவிடும்.
2. தாழ்வு மண்டலம்: 31 முதல் 49 கிலோமீட்டர்.
3. ஆழ்ந்த தாழ்வு மண்டலம்: 50 முதல் 61 கிலோமீட்டர்.
4. புயல்: 62 கிலோமீட்டரும் அதற்கு மேலும். இந்தக் கட்டத்தில்தான் பெயர் சூட்டப்படுகிறது.

தென்சீனக் கடல் பக்கம் போனால் சொற்கள் வேறு. மலாய்ச் செய்தியில் 'ரிபுட் ட்ரோப்பிகா' என்றால் வெப்பமண்டலப் புயல். அது மணிக்கு 118 கிலோமீட்டரைத் தாண்டினால் 'தௌஃபான்', நாம் தைபூன் என்கிறோமே அது.

இந்தப் படிநிலை காற்றின் வேகத்தை மட்டும்தான் அளக்கிறது, மழையை அளப்பதில்லை. வெறும் 'தாழ்வு மண்டலம்' ஒரு பெரிய தைபூனைவிட அதிக மழையைக் கொட்டிவிட்டுப் போக முடியும். 'இது புயல்கூட இல்லையாம், தாழ்வுதானாம்' என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவது அதனால்தான் ஆபத்து.

பினாங்கு கோட்டின்மேல் இருக்கிறது

உலகக் கடல்களைப் புயல் கண்காணிப்புக்காகப் பங்குபோட்டிருக்கிறார்கள். வங்கக் கடல், அந்தமான் கடல், அரபிக் கடல் ஆகியவை டெல்லியின் பொறுப்பு. மேற்குப் பசிபிக்கும் தென்சீனக் கடலும் டோக்கியோவின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு கிழக்குத் தீர்க்கரேகை 100 பாகை.

ஜார்ஜ்டவுன் 100.3 பாகையில் இருக்கிறது. அதாவது பாலிக் பூலாவ் கரையில் நின்று மேற்கே பார்த்தால், சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கோடு ஓடுகிறது. மீன்பிடிப் படகு ஒரு காலைப் பொழுதுக்குள் டோக்கியோவின் பகுதியிலிருந்து டெல்லியின் பகுதிக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

இதனால் விளைவது என்ன?

1. பெயர்ப் பட்டியல் இரண்டு. டெல்லி பட்டியலுக்கு 13 நாடுகள் பெயர் தருகின்றன. அதில் இந்தியா, இலங்கை, தாய்லாந்து உண்டு, மலேசியா கிடையாது. டோக்கியோ பட்டியலுக்கு மலேசியா பெயர் கொடுக்கிறது: ஜெலாவாட், மெர்போக் போன்றவை நம் மீன், நம் பறவை. ஆக, நம் வாசலிலேயே உருவான சென்யாருக்குப் பெயர் சூட்டும் வேலையில் நமக்குப் பங்கில்லை.
2. வேகக் கணக்கு இரண்டு. டெல்லி 3 நிமிடச் சராசரிக் காற்றைச் சொல்லும், டோக்கியோ 10 நிமிடச் சராசரியை. ஒரே புயலுக்கு இரண்டு எண்கள் வந்தால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.
3. பினாங்குக்காரருக்கு நடைமுறையில் இரண்டும் தேவையில்லை. மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் அறிக்கை விடுகிறது. சென்னை வானிலை ஆர்வலர்களின் காணொளிகளை இங்கே பகிர்வதில் ஒரு பாசம் தெரிகிறது, சரி. ஆனால் அவர்கள் பார்ப்பது அவர்கள் கரையை.

ஏன் நேரே வருவதில்லை?

சுழலுக்கு வேண்டிய திருப்பு விசையைப் பூமியின் சுழற்சி தருகிறது. கொரியோலிஸ் விளைவு என்பார்கள். நிலநடுக்கோட்டில் அது பூஜ்யம். அங்கிருந்து விலக விலகக் கூடும். பொதுவாக 5 பாகைக்குள் புயல் உருவாவது அரிது. பினாங்கு 5.4 பாகையில், வரம்பின் ஓரத்தில் இருக்கிறது.

இரண்டாவது, இடம். மேற்கே சுமத்ராவின் புக்கிட் பாரிசான் மலைத்தொடர், கிழக்கே தீபகற்பத்தின் தித்திவாங்சா. நடுவில் இருப்பது குறுகலான நீரிணை. புயல் தன் சுற்றைப் பெரிதாக்கிக்கொள்ள வெட்டவெளிக் கடல் வேண்டும். சூடு போதாது என்று சொல்ல முடியாது. புயலுக்குத் தேவையான 26.5 பாகை செல்சியஸ் வெப்பம் இங்கே எந்நாளும் உண்டு. இடம்தான் போதாது.

ஆனாலும் 'அரிது' என்பது 'முடியாது' அல்ல. 2001 டிசம்பர் 27-ல் வாமேய் புயல் சிங்கப்பூருக்கு வடகிழக்கே, வெறும் 1.4 பாகையில், ஜொகூர் கரையைக் கடந்தது. பாடப்புத்தகக் கணக்குப்படி அங்கே அது இருந்திருக்கவே கூடாது. 1996 டிசம்பர் 26-ல் கிரெக் புயல் சபாவைத் தாக்கி, கெனிங்காவ் பகுதியில் 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 2025-ல் சென்யார் நீரிணையில் உருவாகி, நவம்பர் 26-ல் சுமத்ராவில் ஏறி, பிறகு வந்த வழியே கிழக்கே திரும்பி நீரிணையைக் கடந்து, 27 நள்ளிரவை ஒட்டிச் சிலாங்கூர் கரையைத் தொட்டது. சுமத்ராவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

சுமத்ரா மறைக்கும் என்ற நம்பிக்கைக்கு இன்னொரு பழைய அடியும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி புயல் அல்லதான். ஆனால் அன்றும் 'நடுவில் சுமத்ரா இருக்கிறதே' என்றுதான் இருந்தோம். அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து வந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில் இறந்தவர்கள்.

'வால்' என்றால் என்ன?

மலேசியச் செய்திகளில் 'எக்கோர் தௌஃபான்', தைபூனின் வால், என்று அடிக்கடி வரும். அறிவியல் சொல் அல்ல, ஆனால் பொருத்தமான சொல். மூன்று விதமாக அந்த வால் பினாங்கை அடிக்கிறது.

1. இழுக்கும் காற்று. தென்சீனக் கடலிலோ அதற்கும் அப்பாலோ பெரிய தைபூன் இருந்தால், இந்தியப் பெருங்கடலிலிருந்து காற்றைத் தன் பக்கம் இழுக்கும். அந்தக் காற்று வழியில் நீரிணையைக் கடந்து தீவின் மேற்குக் கரையில் வேகமாக மோதும். 2019 ஆகஸ்ட் 9-ல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிசிலும் கூரைகள் பறந்தன, மரங்கள் சாய்ந்தன. காரணமான லெகிமா தைபூன் அப்போது சீனாவின் ஜெஜியாங் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. தூரம் 3,000 கிலோமீட்டருக்கு மேல்.

2. குறுக்கே வரும் தாழ்வு. பசிபிக் பக்கத்துத் தாழ்வுகள் சில, தாய்லாந்து வளைகுடா வழியாகத் தீபகற்பத்தின் ஒடுங்கிய கழுத்தைத் தாண்டி அந்தமான் கடலுக்குப் போகும். 2019 ஜனவரி 4-ல் பாபுக் புயல் தெற்குத் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராட்டில் கரையேறி அப்படித்தான் போனது. 2018 நவம்பர் 16-ல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜாவும் தாய்லாந்து வளைகுடாவில் ஒரு சாதாரணத் தாழ்வாகத் தொடங்கியதுதான். 2016 டிசம்பரில் சென்னையைச் சாய்த்த வர்தாவின் முதல் அறிகுறியும் மலாய்த் தீபகற்பத்தை ஒட்டியே தென்பட்டது. சொந்த ஊரை அடிக்கும் புயலின் குழந்தைப் பருவம் சில வேளை நம் வீட்டுக்கு மேலே நடக்கிறது. குழந்தையாக இருக்கும்போதே அது மழையைக் கொட்டும்.

3. குவியும் காற்று. இதுதான் மோசமானது. வடகிழக்குப் பருவக்காற்றும் வேறு திசைக் காற்றும் ஒரே இடத்தில் மோதி, போக வழியின்றி மேலே எழும்பினால், மேகம் நகராமல் ஒரே இடத்தில் நின்று பெய்யும். 2025 நவம்பர் 21-ல் தெற்குத் தாய்லாந்தின் ஹாட் யாயில் ஒரே நாளில் 335 மில்லிமீட்டர் பெய்தது. சென்யாருக்குப் பெயர் சூட்டப்படுவதற்கு ஐந்து நாள் முன்பே அந்த ஊர் மூழ்கிவிட்டது.

புயலோடு சம்பந்தமே இல்லாத ஒன்றையும் பலர் புயல் என்கிறார்கள்: ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், நீரிணையின் மேலே வரிசையாக வரும் இடிமேகங்கள். பெயரே 'சுமத்ராஸ்'. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் காற்றோடு வந்து, ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். மரத்தைச் சாய்க்கப் போதும், ஊரை மூழ்கடிக்கப் போதாது.

2017 நவம்பர் 4: மழை, நிலா, மலை

அன்று சனிக்கிழமை. டாம்ரி தைபூன் வியட்நாமின் நா ட்ராங் அருகே கரையைக் கடந்தது. பினாங்கிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். தென்சீனக் கடல் தொடங்கித் தெற்குத் தாய்லாந்து வரை அழுத்தம் தாழ்ந்து கிடந்தது. பினாங்கில் பிற்பகலில் பிடித்த மழை இரவு முழுவதும் விடவில்லை. 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. விடியற்காலை மூன்று மணியளவில் அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் ராணுவ உதவி கேட்டுத் துணைப் பிரதமரை அழைக்க வேண்டியதாயிற்று. ஏழு பேர் இறந்தார்கள்.

300 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். உங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டுக் கூரை 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூரையில் மட்டும் 30,000 லிட்டர் விழுந்திருக்கிறது. கூரைமேல் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் முப்பது. அதைத் தெருவுக்கு, தாமானுக்கு, மலைக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி மலை. தீவின் நடுவில் 833 மீட்டர் வரை உயர்ந்த கருங்கல் மலைகள். உச்சிக்கும் கிழக்குக் கடலுக்கும் இடையே எட்டுப் பத்து கிலோமீட்டர்தான். ஆயர் ஈத்தாமிலிருந்து ஓர் ஆறு, தைப்பூசத்துக்குக் கூட்டம் ஏறும் தண்ணீர்மலைப் பக்கமிருந்து சுங்கை ஆயர் தெர்ஜுன், இன்னும் சில ஓடைகள், எல்லாம் சேர்ந்து சுங்கை பினாங்கு ஆகிக் கடலுக்குப் போகின்றன. மலையில் பெய்தது தாழ்வான தெருவுக்கு வர நாள்கணக்கு ஆகாது. மணிக்கணக்கே போதும்.

அப்புறம் நிலா. செய்திகளில் அதிகம் அடிபடாத பங்கு இதுதான் என்பது என் கருத்து. 2017 நவம்பர் 4 பௌர்ணமி. ஐப்பசிப் பௌர்ணமி, சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம் நடக்கும் நாள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய சில நாள்களில் கடல் ஏற்றம் மிகப் பெரிதாக இருக்கும். கடல் ஏறி நிற்கும்போது ஆற்று நீர் வெளியேற முடியாது. வாசலைச் சாத்திவிட்டு உள்ளே குழாயைத் திறந்துவிட்டது போல.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஜாலான் பி. ராம்லி பக்கம் ஏதாவது ஒரு பெரிய லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) அருகே, கடல் ஏறும் நேரத்தில் போய் நில்லுங்கள். கடலை நோக்கி மிதந்து போகும் வெள்ளை உணவுப் பெட்டி ஒன்று மெதுவாகும், நிற்கும், சிறிது நேரம் அங்கேயே ஆடும், பிறகு வந்த வழியே திரும்பும். மழை இல்லாத நாளிலும் இது நடக்கும். இந்த நேரத்தில் மேலே மலையில் மழை பிடித்தால், வெள்ளம் தெருவுக்கு வருவது வானத்திலிருந்து அல்ல, சாக்கடை மூடியின் அடியிலிருந்து. அந்தப் பகுதிப் பழைய வீடுகளில் வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரச் சிமெண்ட்டுத் தடுப்பும், ஐஸ்பெட்டிக்கு அடியில் செங்கல்லும் இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

ஒப்பிட்டுப் பாருங்கள்: 2025-ல் அமாவாசை நவம்பர் 20. சென்யார் வந்தது வளர்பிறை அஷ்டமியை நெருங்கும் நாள்களில், அதாவது கடல் ஏற்றம் சிறிதாக இருக்கும் கட்டத்தில். அதே புயல் ஒரு வாரம் முன்போ பின்போ வந்திருந்தால் நீரிணையின் கரைகளில் வெள்ளக் கணக்கு வேறு.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: மழை நிற்காமல் பெய்யப்போகிறதா, பெய்யும் நேரத்தில் கடல் ஏறியிருக்குமா? அடுப்படிச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டர் இரண்டாவது பாதிக்கு ஏறக்குறைய விடை சொல்லிவிடும். மணி துல்லியமாக வேண்டும் என்றால் நில அளவை, வரைபடத் துறை வெளியிடும் கடல் ஏற்ற இறக்க அட்டவணை உண்டு. மீன்பிடிப்பவர்களிடம் கேட்டாலும் தெரியும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். இடைவெளி ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மழை உச்சம் இறக்க நேரத்தில் வந்தால் தப்பிக்கும் தெரு, ஏற்ற நேரத்தில் வந்தால் தப்பாது.

எச்சரிக்கையை வாசிப்பது

இரண்டு துறைகள், இரண்டு வண்ண வரிசைகள், கிட்டத்தட்ட ஒரே சொற்கள். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

1. மெட்மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கை மூன்று நிலை: மஞ்சள் 'வாஸ்பாடா' (விழிப்பு), ஆரஞ்சு 'பூரோக்' (மோசம்), சிவப்பு 'பஹாயா' (ஆபத்து). இது இனி பெய்யப்போகும் மழையைப் பற்றியது.
2. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ஆற்று நீர்மட்டம் நான்கு நிலை: சாதாரணம், 'வாஸ்பாடா', 'அமாரான்', 'பஹாயா'. இது இப்போது ஆற்றில் இருக்கும் தண்ணீரைப் பற்றியது. இங்கே 'அமாரான்' என்பது மூன்றாம் படி, ஆபத்துக்கு ஒரு படி கீழே. மெட்மலேசியா அறிக்கையின் தலைப்பில் வரும் 'அமாரான்' வெறுமே எச்சரிக்கை என்ற பொதுச்சொல். இரண்டையும் ஒன்றாக எண்ணி அரண்டவர்களும் உண்டு, அலட்சியப்படுத்தியவர்களும் உண்டு.
3. இடிமழை எச்சரிக்கை தனி. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் என்று தெரிந்தால் விடுவார்கள். அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குத்தான் செல்லும். காலை வந்த எச்சரிக்கையை மாலையில் பகிர்வது வீண்.
4. பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கை மூன்று வகை. முதல் வகை: காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர், அலை 3.5 மீட்டர் வரை. இரண்டாம் வகை: 50 முதல் 60, அலை 4.5 மீட்டர் வரை. மூன்றாம் வகை அதற்கும் மேல். முதல் வகையிலேயே சிறு படகு கரையில் இருக்க வேண்டும்.

மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியில் எச்சரிக்கைகளும் ரேடார் படமும் கிடைக்கும். ஆற்று மட்டத்துக்கு நீர்ப்பாசனத் துறையின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் பக்கம். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் தேதியும் வெளியிட்ட மணியும் இல்லையென்றால் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சுழலும் புயலின் அழகான செயற்கைக்கோள் படங்கள் சில வேளை வேறு ஆண்டினுடையவையாக இருக்கும்.

என்ன செய்து வைப்பது?

தமிழ்நாட்டுக் கரையில் புயலுக்குத் தயாராவது காற்றுக்குத் தயாராவது. இங்கே தயாராவது தண்ணீருக்கும் மரத்துக்கும் மண்ணுக்கும்.

முதலில் குடிநீர். சுற்றிலும் கடல், மேலே மழை, ஆனால் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி தீவினுடையது அல்ல. பினாங்கின் குடிநீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்து எடுக்கப்பட்டு, பெருநிலத்தில் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாயில் தீவுக்கும் வருகிறது. கெடாவில் வெள்ளம் வந்து ஆறு சேறாகக் கலங்கினால், தீவில் ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் குழாய் மெலியலாம். ஆக, எச்சரிக்கை மஞ்சளானதும் முதல் வேலை குடம், வாளி, பாட்டில் எல்லாவற்றையும் நிரப்புவது. மாடி பிளாட்டில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். மின்சாரம் போனால் பம்பு ஓடாது, மேல்தொட்டி காலியானதும் அவ்வளவுதான்.

அடுத்து மின்சாரம். தண்ணீர் தரைக்கு ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்ச் பெட்டியைத் தேடும் கட்டம் வரவே கூடாது. வெள்ளம் ஏறினால் மின்சார நிறுவனமான டிஎன்பி துணை மின்நிலையத்தை நிறுத்திவிடும், அது உங்கள் பாதுகாப்புக்குத்தான். மறுநாள் காய்ந்த தரையைப் பார்த்து உடனே சுவிட்சைப் போடாமல், மின்தொழிலாளியை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயருக்குள் ஈரம் பல நாள் இருக்கும்.

கார், மோட்டார்சைக்கிள். அடுக்குமாடியின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் தண்ணீர் படிப்படியாக ஏறாது, சரிவு வழியாக ஒரேயடியாக இறங்கும். எச்சரிக்கை ஆரஞ்சானால் இரவு படுக்கும் முன் வண்டியை மேட்டில் விடுங்கள். மேடு என்று மரத்தடியில் விட்டுவிடாதீர்கள். ஜார்ஜ்டவுனின் பெரிய அங்சானா, தூங்குமூஞ்சி மரங்கள் ஈரம் ஊறிய மண்ணில் வேரோடு சாய்வது தீவில் புதிதல்ல. காற்று தூக்கும் நேரத்தில் மோட்டார்சைக்கிளில் பாலம் ஏற வேண்டாம். முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாவது 24. நடுவில் ஒதுங்க இடமில்லை.

கையில் ஒரு பை. மைகாட் (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், வீட்டுப் பத்திர நகல் ஆகியவை பிளாஸ்டிக் உறையில். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரை ஒரு வாரத்துக்கு. இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் குளிர்ப்பையும் ஐஸ்கட்டியும் தயாராக. துயர் துடைப்பு மையத்துக்குப் போக நேர்ந்தால் அங்கே பெயர் பதிவது அவசியம்; அரசின் வெள்ள நிவாரணத் தொகை பெரும்பாலும் அந்தப் பதிவை வைத்தே வரும். மையம் எந்தப் பள்ளியில், எந்த மண்டபத்தில் திறக்கும் என்பதை வெயில் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டி இருக்கும் வீடு, தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. படகில் ஏற்றுவது கடினம்.

மழை நின்ற பிறகு மலை

கருங்கல் மலை என்றதும் அசையாது என்று தோன்றும். அடியில் பாறை அசையாதுதான். மேலே கிடப்பது அந்தப் பாறை பல்லாயிரம் ஆண்டுகளாக இற்றுப்போய் உருவான மண். மழைநீர் அதற்குள் இறங்கி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையே தேங்கி, மேலுள்ளதை வழுக்கவைக்கிறது. சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்பிய இடத்தில் மண்ணைத் தாங்க எதுவும் மிச்சமில்லை. 2017 வெள்ளத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 21-ல், தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானச் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். அதை மழையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங், பாலிக் பூலாவ் மலைச்சாலை ஆகிய பகுதிகளில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. தடுப்புச்சுவரின் ஓட்டைகளில் தெளிவாக வடிந்த நீர் திடீரெனச் செம்மண் நிறமாவது.
2. வழக்கமாக வடியும் நீர் மழையிலும் நின்றுபோவது. இது அதைவிட மோசம். உள்ளே அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறுகிறது என்று பொருள்.
3. முற்றத்தில் புது விரிசல், சாய்ந்த வேலிக்கால், நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று நிலையில் இடிப்பது.
4. மேலே மரம் முறியும் சத்தம் அல்லது சரளைக்கல் உருளும் சத்தம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டைவிட்டு வெளியேறி 999-ஐ அழைக்க வேண்டும். பை எடுக்க உள்ளே திரும்ப வேண்டாம். மேலே தெருவில் பெய்தது வடிந்துவிட்டாலும் மண்ணுக்குள் இறங்கிய நீர் நகர நேரம் எடுக்கும். அதனால்தான் சில சரிவுகள் மழையின் உச்சத்தில் அல்லாமல், எல்லோரும் தரையைக் கழுவி மெத்தையை வெயிலில் போடும் மறுநாள் பிற்பகலில் இறங்குகின்றன.